தாலினுக்கு ஒத்திகை

நாலாவது ஜோடிக் காலுறையைத் தெல்மா ஆஷ்வொர்த் சமையலறைத் தராசில் வைக்கிறார். மாவு நிறுக்கும் தராசு. தட்டில் இன்னும் ஓட்ஸ் மாவின் தூசி இருக்கிறது. முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். “நூத்தி இருபது கிராம். கம்பளின்னு சொல்லித் தலையில கட்டிட்டான்” என்று அந்த ஜோடியைத் தள்ளிவிடுகிறார். தேறியவை மேசையில். தோற்றவை நாற்காலியில். நாற்காலியில் குவியல் பெரிது.

விமானத்தில் கைப்பைக்குப் பத்துக் கிலோ வரை விடுவார்கள். தெல்மாவின் வரம்பு ஆறரை. “தூக்கிட்டு நடக்கப்போறது அவனா, நானா?” என்பார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறார். முகத்துக்குப் பூசும் கிரீம் ஒரு மாத்திரை டப்பாவுக்குள் போய்விட்டது. ஆனால் கையை இழுக்கும் கனத்தில் ஒரு பழைய ஃபிளாஸ்க் இருக்கிறது. அது மட்டும் தராசில் ஏறுவதில்லை. “டீக்கு எடை கிடையாது, கண்ணு. டீ மருந்து.”

வயது எழுபத்து நாலு. ஹேஸ்லிங்டனில், மேட்டுத் தெருவின் கல் வீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கிறார். கணவர் போய் இருபது வருடம். பள்ளத்தாக்கில் இருந்த ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். லேஸ் கோக்கும் ஓட்டைகளுக்குப் பித்தளை வளையம் அடிக்கும் மெஷின். ஒரு நாளைக்கு எத்தனை அடிப்பீர்கள் என்று கேட்டால், “எண்ணியிருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்” என்பார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கணுக்கணுவாக வீங்கி இஞ்சித் துண்டு போல இருக்கும். ஜாடி மூடியைத் திறக்க வேண்டுமானால் கதவிடுக்கில் வைத்துத் திருகுவார். பக்கத்து மெஷினில் இருந்தவர் பெயர் ஐரீன். என் அம்மா.

ஒவ்வொரு ஜனவரி ஆறாம் தேதியும், கிறிஸ்துமஸ் மரத்தைக் கழற்றிய கையோடு, இருவரும் அடுத்த டிசம்பருக்கான ஊரை முடிவு செய்வார்கள். ஐரோப்பாவில் பழைய ஊராக இருக்க வேண்டும். சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை போடும் ஊராக இருக்க வேண்டும். புதுக் கட்டடம் தெல்மாவுக்கு ஆகாது. “கண்ணாடிக் கட்டடம் பாக்கணும்னா மான்செஸ்டருக்குப் பஸ் இருக்கு.” டிசம்பர் இரண்டாம் வாரம், மூன்று இரவு. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டு மொழியில் மூன்றே சொற்கள் கற்றுக்கொள்வார்: நன்றி, கழிப்பறை, பால். “சூடாக்கின பாலை டீக்குக் குடுத்தான்னா அந்த நாட்டையே மன்னிக்க மாட்டா” என்று அம்மா சொல்வார்.

வேறு யாரும் இப்படித் திட்டமிட்டு நான் பார்த்ததில்லை. தெல்மா வழிகாட்டிப் புத்தகம் வாங்குவதில்லை. நூலகத்தில் அந்த ஊரின் வரைபடத்தை அச்செடுத்து, தையல் நூலை அதன் மேல் ஓட்டித் தூரம் அளந்து, அதே தூரத்தை ஹேஸ்லிங்டனில் தேடுவார். விடுதியிலிருந்து சதுக்கம் அறுநூறு மீட்டர் என்றால், அது தம் வீட்டு வாசலிலிருந்து கூட்டுறவுக் கடை. சதுக்கத்திலிருந்து ஆற்றுப் பாலம் என்றால், கூட்டுறவுக் கடையிலிருந்து பல் மருத்துவர் வீடு. செப்டம்பர் முழுவதும் சனிக்கிழமை மதியங்களில் இருவரும் கோட்டும் கைப்பையுமாக அந்த ஊரை இந்த ஊரில் நடந்து முடிப்பார்கள். எங்கே கால் வலிக்கும், எங்கே உட்கார வேண்டும், எத்தனை நிமிடத்தில் தேநீர் தேவைப்படும், எல்லாம் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கறிக்கடை டெரிக் வாசலில் நின்று கத்துவார்: “இன்னைக்கு எந்த நாட்டுல இருக்கீங்க, அம்மணிகளா?”

“ஆஸ்திரியா. கதவைச் சாத்துப்பா, பனி உள்ள வருது.”

நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த டிசம்பரில் விமானம் கிடையாது. இருவரும் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, ஃபிளாஸ்கில் சூடான ஒயினோடு, நியூரம்பெர்க் முழுவதையும் ஹேஸ்லிங்டனிலேயே சுற்றிப் பார்த்தார்கள். அன்று மாலை அம்மா தொலைபேசியில் சொன்னார்: “நல்ல ஊருடி. ஆனா ஒரே மழை.”

கடைசித் தேர்வு அக்டோபர் முதல் ஞாயிறு. போகும் ஊர் மாறினாலும் தேர்வு மாறாது. சேப்பல் சந்து. கல் பாவிய செங்குத்தான சந்து. கீழே தபால் பெட்டி, நடுவில் சேப்பல் என்ற சிறு தேவாலயத்தின் மதில், உச்சியில் நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. “இந்தச் சந்தை ஏறிட்டா உலகமே சமதரை” என்பது தெல்மாவின் சட்டம். நேரம் பார்க்க ஒரு ஸ்டாப் வாட்ச் உண்டு. கம்பெனியில் ஆட்களின் பின்னால் நின்று அவர்கள் கை வேகத்தை அளந்த அதிகாரியின் வாட்ச். கம்பெனி மூடிய அன்று தெல்மா அதைத் தம் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். “இருபத்தாறு வருஷம் அது என்னை அளந்துச்சு. இனி நான் சொன்ன எடத்துல அளக்கட்டும்.” வாட்ச் பிடிப்பது அம்மா. சிவப்புக் குறிப்பேட்டில் எழுதுவதும் அம்மா.

இத்தனை ஒழுங்குள்ள தெல்மாவிடம் ஒரு கோளாறு. மேட்டில் நடக்கும்போது அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். ஒரு தடவை அல்ல, பல தடவை. “நாசமாப் போற லேஸு” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவார். அம்மா பக்கத்தில் நின்று சிரிப்பார்.

“லேஸ் ஓட்டைக்கு வளையம் அடிச்சே காலத்தை ஓட்டினவ. ஒரு லேஸைக் கட்டத் தெரியல பாரு.”

“வளையம் அடிக்கத்தான் சம்பளம் குடுத்தான். கட்டுறதுக்கா குடுத்தான்?”

நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு வேனை நிறுத்தாமல் போய்விட்டேன்.

இந்த நட்பை நான் எப்போதும் வெளியிலிருந்துதான் பார்த்தேன். என் பிறந்தநாள் டிசம்பர் ஒன்பது. பதினோரு வருடமாக அந்தத் தேதியில் அம்மா தெல்மாவோடுதான் இருந்தார். ஏதாவது ஒரு சதுக்கத்தில் நின்று சூடான ஒயின் குடித்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பியதும் எனக்கு இதய வடிவத்தில் ஓர் இஞ்சி ரொட்டி வரும். அதன் மேல் சர்க்கரைப் பாகால் ஏதோ எழுதியிருக்கும். எனக்கும் அவருக்கும் படிக்கத் தெரியாத மொழி. ஒரு வருடம், நானும் வரட்டுமா என்று கேட்டேன். “மூணு பேர்னா ரூமு, டாக்சி எல்லாம் குழப்பம்டி” என்றார். தெல்மா சொல்லிக்கொடுத்த வாக்கியம் என்று அன்றே முடிவு கட்டினேன்.

தெல்மாவின் சமையலறைச் சுவரில் பத்துக் கொக்கிகள். பத்துக் குவளைகள். சந்தையில் ஒயின் ஊற்றித் தரும் குவளைகள் அவை. திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் பிணைக் காசு போனால் போகட்டும் என்று இருவரும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊருக்கு இரண்டு. ஒன்று இங்கே தொங்குகிறது. அதன் ஜோடி என் வேனின் பின்பக்கம், அட்டைப் பெட்டியில், செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது. இந்தச் சமையலறைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். சால்ஸ்பர்க் குவளையின் விளிம்பு உடைந்திருக்கிறது. அது எப்படி உடைந்தது என்று தெல்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு எஸ்தோனியாவில் ஓர் ஊர் மீது ஆசை இருந்தது. தாலின். மருந்துக்கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டியின் டிசம்பர் தாள். மேட்டு ஊரின் விளிம்பில் நின்று எடுத்த படம். கீழே பனி மூடிய கூரைகள், கூம்புக் கோபுரங்கள், தூரத்தில் கடல். அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். சந்தையைப் பார்த்த பிறகு அங்கே ஏறி நின்று ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். அதற்கு நூற்றைம்பதுக்கும் மேல் படிகள். ஆறு ஜனவரிகள் கேட்டார். ஆறு ஜனவரிகளும் தெல்மா தட்டிக் கழித்தார். ஒவ்வொரு காரணத்தையும் அம்மா எனக்குத் தெல்மாவின் குரலிலேயே நடித்துக் காட்டுவார்.

“அங்க ரொட்டி கருங்கல்லு மாதிரியாம். என் பல்லு செட்டு தாங்காது.”

“மத்தியானம் மூணரைக்கே இருட்டிடுமாம். நான் என்ன ஆந்தையா?”

“அங்கயும் பிளாக் புட்டிங்தான் விக்கிறானாம். பன்னி ரத்தத்தைத் திங்க நான் கடல் தாண்டணுமா? பெரி ஊர்ச் சந்தைக்குப் பஸ் போகுது.”

நடித்து முடித்ததும் அம்மா சொல்வார்: “அவ வச்சதுதான் சட்டம். விடு.” அம்மா விட்டுவிடுவார். நான் விடவில்லை.

மார்ச்சில் அம்மா இறந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது. இதயம் பல வருடங்களாகவே தளர்ந்து வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். மூச்சு வாங்குகிறது என்று சொன்னதில்லையா என்று கேட்டார். என்னிடம் சொன்னதில்லை. நான் குடிநீர் நிலையங்களில் பம்புகளைப் பராமரிப்பவள். ஒரு பேரிங் கெடப்போவதை ஆறு வாரம் முன்பே அதிர்வு எண்களில் பார்த்துவிடுவேன். அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவர் நாற்காலியில் இருப்பார். எழ வேண்டாமென்று கெட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்திருந்தேன். ஓடாத இயந்திரத்தில் என்ன எண் தெரியும்?

வீட்டைக் காலி செய்தபோது கரண்டிகள் வைக்கும் டிராயரில் அந்தச் சிவப்புக் குறிப்பேடு கிடைத்தது. தெல்மா ஏப்ரலில் ஒரு தடவை கேட்டார். ஜூனில் ஒரு தடவை கேட்டார். “அதுலதான் கண்ணு எல்லாம் இருக்கு. கண்ணுல பட்டா எடுத்து வை.” படவில்லை என்றேன். அது என் வேனில் இருந்தது. திறந்து பார்க்க முடியவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. நடந்ததெல்லாம் அவரோடு. எழுதியதாவது என்னிடம் இருக்கட்டும்.

இந்த ஜனவரியில் இருவரும் முடிவு செய்திருந்த ஊர், பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட். அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை, தேவாலயக் கூடத்துத் தேநீரில், கேக் வெட்டிக்கொண்டிருந்த ஜாய்ஸ் வேறொன்று சொன்னார். ஜாய்ஸுக்கு அறுபத்தெட்டு வயது. வாரம் மூன்று நாள் கோல்ஃப் ஆடுபவர்.

“தெரியுமா ரூத்? தெல்மா கென்ட்டை வேண்டாம்னுட்டா. தாலினாம் இந்த வருஷம்! ரெண்டாவது சீட்டுக்கு என்னைச் சோதிச்சுப் பாத்தா. போன ஞாயித்துக்கிழமை அந்தச் சேப்பல் சந்துல ஏறிக் காட்டினேன் பாரு, பதிமூணே நிமிஷம்!”

நேரே தெல்மா வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கழற்றவில்லை.

“ஆறு வருஷம் கேட்டாங்க, ஆன்ட்டி.”

“யாரு, எதை?”

“உங்களுக்குத் தெரியும். ரொட்டி கல்லு, ஊரு இருட்டு. அவங்க போனதும் ரொட்டி இளகிடுச்சா? ஊரு வெளிச்சமாயிடுச்சா?”

தெல்மா கெட்டிலின் பொத்தானை அழுத்தினார். முதுகைக் காட்டிக்கொண்டே கோப்பைகளை எடுத்து வைத்தார்.

“இப்பப் பல்லு செட்டு மாத்தியாச்சு” என்றார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். பால் ஊத்தவா?”

“அம்மா சீட்டுல ஜாய்ஸா?”

“ஜாய்ஸுக்கு நல்ல காலு. வாய்தான் அதைவிட நீளம்.” கோப்பையை என் முன்னால் வைத்தார். “ரெண்டாவது பேரை இன்னும் எழுதல. திங்கக்கிழமை சொல்லணும். அதை விடு. ஞாயித்துக்கிழமை வாட்ச் பிடிக்க ஆள் இல்ல எனக்கு. ஜாய்ஸ் பேசிக்கிட்டே பொத்தானை அமுக்க மறந்துடுறா. நீ வா.”

“எதுக்கு?”

“வாட்சுக்குத்தான். உன்னைத் தாலினுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சுக்காத.”

தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஆறு வருடம் அம்மாவுக்குக் கிடைக்காத ஊர், அம்மா போன ஆறே மாதத்தில் இவருக்கு எப்படிக் கிடைத்தது?

ஆகவே இந்த ஞாயிறு இங்கே நிற்கிறேன், காலுறைகள் எடை போடப்படுவதைப் பார்த்துக்கொண்டு. குறிப்பேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஏன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேள்வி கேட்கப் போகிறவள் திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று தோன்றியிருக்கலாம். மேசையில், தராசுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

தெல்மா அதைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கவில்லை.

“கிடைச்சுடுச்சா?”

“கிடைச்சுது.”

“நல்ல எடத்துலதான் இருந்திருக்கும்” என்கிறார். கைகளைத் துணியில் துடைத்துக்கொள்கிறார். குறிப்பேட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தராசில் வைக்கிறார். முள் நிற்கும்வரை மூச்சைப் பிடிக்கிறார். “நூத்தி அறுவது.” தேறியிருந்த ஒரு காலுறை ஜோடியை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குறிப்பேட்டை வைக்கிறார். பிறகு ஏதோ நினைத்தவராக மறுபடி எடுத்து என்னிடம் நீட்டுகிறார்.

“ஜாய்ஸோட கணக்கு அங்க கவர்ல எழுதி ஒட்டியிருக்கேன். மொதல்ல அதை ஏத்து. நான் ஷூ மாட்டிட்டு வர்றேன்.”

வேறு வழியில்லை. திறந்தேன். கையெழுத்தைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்தேன். அது தொழில் பழக்கம். பக்கத்துக்கு நாலு கட்டம்: வருடம், ஊர், சந்து ஏறிய நிமிடம், லேஸ். ஆமாம், அம்மா அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார். கேலிக்குத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து வருடங்களில் பதிமூன்று, பதிமூன்று, பதினாலு, பதிமூன்று, பதினாலு. லேஸ் எல்லாம் பூஜ்யம். ஆறாவது வருடம் பதினைந்து நிமிடம், லேஸ் ஒன்று. அப்புறம் பதினாறு, இரண்டு. பதினெட்டு, மூன்று. இருபத்திரண்டு, நாலு. இருபத்தேழு, ஐந்து. போன அக்டோபரில் நிமிடம் இல்லை. ‘பாதி’ என்று இருந்தது. லேஸ் ஐந்து.

இந்த வளைவை ஒரு பம்பில் பார்த்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.

ஊர்களின் கட்டத்தைப் பார்த்தேன். ஆரம்பத்தில் சால்ஸ்பர்க், பிராக், எடின்பரோ. எல்லாம் கோட்டை மேடுகள். பிறகு ஸ்ட்ராஸ்பூர். கடைசியில் புரூஜ், தட்டில் போட்ட அடை போன்ற ஊர். அதற்கும் அடுத்து கென்ட் வர இருந்தது. நிமிடங்கள் ஏற ஏற ஊர்கள் தாழ்ந்துகொண்டே வந்திருக்கின்றன. தாலினை முதல் தடவை மறுத்த ஜனவரி, லேஸ் முதன்முதலாக அவிழ்ந்த அக்டோபருக்கு அடுத்த ஜனவரி.

தெல்மா முன்னறையில் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். வீங்கிய விரல்களால் லேஸை இழுத்து ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொரு முடிச்சு. இரண்டு காலிலும். இறுக்கிவிட்டு, இழுத்துப் பார்த்தார். பிரித்தெடுக்கக் குறடு வேண்டும் போல் இருந்தது.

“ஆன்ட்டி, ஜாய்ஸோட ஏறினப்ப லேஸ் எத்தனை தடவை அவிழ்ந்துச்சு? கட்டம் காலியா இருக்கு.”

“அன்னைக்கு அவிழல.”

“இதே ஷூதானா?”

“இல்ல, ராணி அனுப்பின ஜோடி. எத்தனை ஷூ வச்சிருக்கேன் நானு? இதேதான்.” எழுந்தார். “பூஜ்யம்னு போடு. மழை வர்றதுக்குள்ள கிளம்பு.”

பூஜ்யம் என்று போட்டேன்.

மழை ஏற்கெனவே வந்திருந்தது. குடை பிடிக்கும் அளவுக்கு இல்லாத, கண்ணாடியை மட்டும் மறைக்கும் மழை. தெரு முனையில் டெரிக் நாயோடு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, பிறகு தெல்மாவைப் பார்த்து, வழக்கமான கேள்வியைக் கேட்கலாமா என்று தயங்கினார். தெல்மாவே முந்திக்கொண்டார்.

“எஸ்தோனியா, டெரிக். எங்க இருக்குன்னு கேக்காத, நானே இப்பத்தான் கண்டுபிடிச்சேன்.”

தபால் பெட்டியில் கையை வைத்து நின்றார். நான் வாட்சை அழுத்தினேன். தெல்மா புறப்பட்டார்.

எழுபத்து நாலு வயதுக்காரரின் நடை அல்ல அது. முதுகு நேராக, கைப்பை ஆடாமல், ஈரக் கல்லில் ஒரே அளவான அடிகள். நான் பின்னால் நடந்தேன். அவருடைய வேகம் இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தேழு நிமிடத்தில் இந்தச் சந்தை ஏற இவர் எவ்வளவு மெதுவாக நடந்திருக்க வேண்டும். மெதுவாக நடப்பது தெரியாமல் நடந்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, ரொட்டியையும் இருட்டையும் குறை சொல்லிக்கொண்டு.

பொறாமை அதனால் குறையவில்லை. கூடியது. நாற்காலிக்குப் பக்கத்தில் நான் வைத்த கெட்டிலை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஆளாக என்னை ஏன் சேர்க்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அது தெல்மாவின் வாக்கியம் அல்ல. அம்மாவின் வாக்கியம். நான் எண்களைப் படிப்பவள் என்று அம்மாவுக்குத் தெரியும்.

சேப்பல் மதில் வந்ததும் தெல்மா திரும்பாமலே கேட்டார்: “பாதி நேரம் என்ன?”

“ஆறு நிமிஷம் அம்பது.”

“எழுதிக்க. நிக்காம எழுது.”

எழுதுவதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தேன். போன வருட வரிக்குக் கீழே, ஓரத்தில், அம்மாவின் சாய்ந்த கையெழுத்து இருந்தது. சமையலறையில் எண்களை மட்டும் பார்த்தபோது தவறவிட்டது.

‘சேப்பல் மதில் வரை. அதற்கு மேல் முடியவில்லை. தெல்மா லேஸ் ஐந்து. இரண்டு முடிச்சு போட்டுவிட்டு வந்து அவிழ்க்கிறாள். விரல் பாவம். சொன்னால் கேட்கமாட்டாள். சொல்லவில்லை.’

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும். இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆறு வருடம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒருவர் அவிழ்த்துக் கட்டியிருக்கிறார், ஒருவர் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கியபடி கேலி செய்திருக்கிறார், பிறகு எண்ணி எழுதியிருக்கிறார். எதுவுமே தெரியாதவள் நான் ஒருத்திதான்.

மதிலில் கை வைத்தேன். கல் சில்லென்று நனைந்திருந்தது. தெல்மாவின் காலடிகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. வாட்ச் என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம். ஏழு பத்து. நடக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் நகரவில்லை.

பத்தடி தள்ளிக் காலடிச் சத்தம் நின்றது.

தெல்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மேலே, பெஞ்சு இருக்கும் பக்கம் பார்த்தபடியே, “நாசமாப் போற லேஸு” என்றார்.

கைப்பையைக் கல்லில் வைத்தார். மதிலைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை மெல்ல மடக்கினார். வலது ஷூவின் இரட்டை முடிச்சில் வீங்கிய கட்டைவிரலை நுழைத்தார். அது அசையவில்லை. நகத்தால் நெம்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நெம்பினார். முதல் முடிச்சு விட்டது. இரண்டாவதும் விட்டது. லேஸை முழுவதும் தளர்த்தி, ஒவ்வொரு ஓட்டையாக இழுத்து, நிதானமாக மறுபடி கட்டினார். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. பிறகு தலையைத் தூக்காமல், கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பி, என் ஷூக்களைப் பார்த்தார்.

அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

தெல்மா இடது காலை முன்னால் வைத்து, அதன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.